ஆடல் பயிற்றும் ஆசிரியர்

கல்வி என்றவுடன் ஏடும் எழுத்தும் எண்ணுமே நம் நினைவிற்கு வருகின்றன. கால்களாற் கற்கும் கல்வியும் ஒன்று உண்டு என்பதையும், அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு குணம் மிகுதியாக வேண்டும் என்பதையும் நாம் எண்ணுவதில்லை. அக்குணம் உற்சாகம். தான் மகிழ்ந்து ஆடாதவன் பிறரை ஆடுவிக்க மாட்டான். இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கோடியிலுள்ள லூயிசியானா மாகாணத்துக் கேஜன், ஸைடிகோ என்னும் இருவகை ஆடல்களினும் ஏற்ற சான்று அரிது. ஒரு காலத்திற் பள்ளிக்கூடமே அந்நாட்டு மக்களைத் தம் மொழி குறித்து நாணுமாறு செய்தது. பிற்காலத்தில் உற்சாகமுள்ள ஆசிரியர்களே அந்நாணத்தைப் போக்க முற்பட்டனர். ஆதலின் இஃது ஆடலைப்பற்றிய செய்தி மட்டும் அன்று; கற்பித்தலைப்பற்றிய செய்தியுமாம்.

கேஜன் என்பார் யாவர்? இக்காலத்தில் கனடா நாட்டு நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியிற் பிரெஞ்சுக் குடிகள் சிலர் பதினேழாம் நூற்றாண்டிற் குடியேறினர். அப்பகுதி அந்நாளில் அக்கேடியா எனப்பட்டது. ஆங்கில அரசுக்கு நிபந்தனையின்றிப் பற்றுறுதி கூற இசையாமையால், 1755-ஆம் ஆண்டு முதல் அவர்கள் தம் வீடும் நிலமும் இழந்து கப்பல்களில் ஏற்றி ஓட்டப்பெற்றனர். பல ஆண்டு அலைந்தபின் அவருட் பலர் 1760-களின் நடுப்பகுதி தொடங்கி லூயிசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் வந்து தங்கினர். அக்கேடியன் என்னும் பெயரே மருவிக் கேஜன் ஆயிற்று. அவர்க்கு அயலில் வாழ்ந்தோர் கிரியோல் எனப்படும் கறுப்பு இனத்தார். அவர்களும் பிரெஞ்சு பேசுவோரே. அடிமைத்தளையில் உழன்றோரின் வழித்தோன்றல்கள் அவருட் பலர். அவர்கள் வளர்த்த இசையும் ஆடலுமே பின்னர் ஸைடிகோ எனப்பெயர் பெற்றன. உப்பிட்ட இறைச்சி சேர்க்க வகையின்றி அவரைக்காயை வெறிதே உண்ட வறுமையைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர் ஒன்றிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர் பலர். வறுமையின் பெயரையே விழாவின் பெயராக்கிக்கொண்ட மக்கள் அவர்.

இவ்விரு சாராரும் வாரமுழுதும் வயலில் உழைத்து, வார இறுதியில் ஒரு வீட்டிற் கூடுவர். அறையிலுள்ள பொருள்களைப் புறத்தே ஒதுக்கி ஆடுவர். பிடிலும், அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டியும், முக்கோணமாக வளைத்த இரும்புக் கம்பியும் அவர்க்கு வாத்தியங்கள். பழைய வைக்கோல்வாரியின் பல்லை வளைத்தே அக்கம்பியைச் செய்துகொண்டனர். தாய்மார் குழந்தைகளை ஓர் அறையில் உறங்கவைத்துவிட்டு ஆடவருவர். தாலாட்டுச் சொல்லான 'ஃபே தோ தோ' என்பதே அத்தகைய நடனக் கூட்டத்திற்கும் பெயராயிற்று. சற்று வளர்ந்த சிறார் பாட்டனார் பாட்டியாரின் கையைப் பற்றி ஆடிப் பழகினர். அந்நாளில் இவ்வாடலுக்குத் தனி ஆசிரியர் வேண்டியதில்லை, வீடே பள்ளியாயிருந்தது.

இயற்கையாய் நடைபெற்ற அக்கல்வி ஏன் தளர்ந்தது? 1921-ஆம் ஆண்டு மாகாண அரசியற் சட்டம் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலமே போதனாமொழி என்று விதித்தது. வீட்டிற் கற்ற பிரெஞ்சு மொழியைப் பள்ளி முற்றத்திற் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். தண்டனை பெற்ற குழந்தை பெற்றோரானபின், தன் மக்கள் அத்துன்பம் எய்தாதிருக்க வேண்டுமென்று கருதி அவரோடு ஆங்கிலமே பேசிற்று. மொழி இழிந்தது என்று கருதப்பட்டபின் அம்மொழியிற் பாடிய பாட்டும், அப்பாட்டிற்கு ஆடிய ஆட்டமும் இழிந்தனவாகவே கருதப்பட்டன. அன்பின்றிக் கற்பிக்கும் பள்ளி, தான் கற்பிப்பதனினும் மிகுதியாக மறக்கச் செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி மறுமலர்ச்சியை நோக்குவோம். 1964-ஆம் ஆண்டில் ரோட் ஐலண்டு மாகாணத்து நியூபோர்ட்டு நகரில் நடந்த நாட்டுப்பாடல் விழாவில், டூயி பால்ஃபா என்னும் கேஜன் பிடில் வித்துவான் தம் தோழருடன் வாசித்தார். தம் ஊரில் இழிவாகக் கருதப்பட்ட இசையைப் பெருங்கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்து ஏற்றதைக் கண்டார். ஊர் திரும்பிய அவர், அவ்வாரவாரத்தின் எதிரொலியைத் தம் மக்களிடத்திலும் எழுப்ப வேண்டுமென்று உறுதி பூண்டார். பள்ளி வண்டி ஓட்டிப் பிழைத்த அப்பெரியார், பள்ளிகளுக்குட் சென்று சிறார்க்கு இசையைக் கேட்பித்தார். 1968-இல் பிரெஞ்சு மொழியைப் பேணுதற்கு மாகாண அரசு ஒரு கழகம் நிறுவியது. 1974-இல் லாஃபயெட் நகரில் கேஜன் இசைக்குப் பெருவிழா நடைபெற்றது. ஸைடிகோ இசையைக் கிளிப்டன் ஷெனியே உலகறியச் செய்தார். 1946-இல் அவர் வகுத்த, மார்பிற் கவசம்போல் அணிந்து கரண்டியால் உரசி ஒலிக்கும் நெளிதகடு இன்று அவ்விசையின் அடையாளமாயிற்று. எந்தப் பள்ளியின் வாயிலில் அப்பண்பாடு நிறுத்தப்பட்டதோ, அந்தப் பள்ளிக்குள்ளேயே உற்சாகம் அதனை மீண்டும் அழைத்துச் சென்றது.

இக்காலத்தில் இவ்வாடல்களைக் கற்போருட் பலர் அவ்வினத்தவர் அல்லர். ஆதலின் ஆசிரியரின் பொறுப்புப் பெரிது. நல்லாசிரியர் முதலில் அடிகளைக் கற்பிப்பதில்லை, கேட்கக் கற்பிக்கின்றார். இசையைக் கேட்டு எல்லோரும் அறையைச் சுற்றி நடக்குமாறு செய்கின்றார். நடை தாளத்தோடு பொருந்தியபின், கேஜன் இரண்டடி ஆட்டத்தைக் காட்டுகின்றார்: ஓர் அடி எடுத்தல், மற்றக் காலைச் சேர்த்தல், மீண்டும் ஓர் அடி எடுத்தல், மற்றக் காலால் தரையைத் தொடுதல், பின் மறுபுறமும் அவ்வாறே. ஸைடிகோவிலோ ஒரு நீண்ட அடியும் இரண்டு குறுகிய அடிகளும் மாறிமாறி வந்து எட்டு மாத்திரையில் ஒரு சுற்று முடியும். முன்னதில் இணையர் அரங்கைச் சுற்றி இடப்புறமாகச் செல்வர். பின்னதில் முழங்காலைச் சற்று மடக்கி, உடற்பாரத்தைத் தரையை நோக்கி இறக்கி, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே ஆடுவர். சிறிது நேரத்திற்கு ஒருமுறை துணை மாறச் சொல்லுவதால் கூச்சமுடையவர் தனித்து நிற்க நேரிடுவதில்லை. தவறியவரைப் பார்த்து ஆசிரியர் நகைப்பதில்லை; அவரோடு சேர்ந்து நகைக்கின்றார். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையில் ஆசிரியத் தொழிலின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

உற்சாகம் மிகுந்தால் ஒழுங்கு கெடும் என்பாரும் உளர். பிழைகளையெல்லாம் பாராட்டும் போலி உற்சாகத்திற்கு அது பொருந்தும். மெய்யான உற்சாகம் தான் விரும்பும் பொருளைச் சிதைய விடாது. தாளத்தை உயிரெனக் கருதும் ஆசிரியர், சுழற்சிகளும் அலங்காரங்களும் பிழைபட்டாற் பொறுப்பர். தாளம் பிழைபட்டால் நிறுத்தி மீண்டும் தொடங்குவர்.

வேற்றினத்தார் இவ்வாடல்களைக் கற்பது முறையோ என்று வினவுவாரும் உளர். வரலாறு அறியாது ஆடுதல் முறையன்று என்பதே எம் கருத்து. அமேதே ஆர்துவான் என்னும் கிரியோல் அக்கார்டியன் வித்துவான், 1929-இல் டெனிஸ் மக்கீ என்னும் வெள்ளைப் பிடில் வித்துவானுடன் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டார். வெள்ளையர் நடனம் ஒன்றில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைப் பெண் தந்த கைக்குட்டையை ஏற்றமைக்காக அவர் கொடிதாக அடிக்கப்பட்டார் என்று அவ்வூரார் கூறிவருகின்றனர். 1942-இல் மனநோய் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அவர் வகுத்த இசைக்கு இன்றும் கேஜன் மக்களும் கிரியோல் மக்களும் ஆடுகின்றனர். அப்பெயரைச் சொல்லாமல் அடிகளை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், எத்துணை உற்சாகம் உடையரேனும், பாதிக் கடமையே செய்தவராவர். நிறம் நோக்காது துணை மாறுமாறு கூறும் ஆசிரியரோ, நூல்கள் பல எழுதியும் விளங்காத ஒரு பாடத்தை ஒரு நொடியில் விளக்குகின்றார்.

மாணாக்க அன்பர்காள்! உங்களுட் பலர் நாளை ஆசிரியராவீர். நீவிர் கற்பிப்பது கணக்காயினும் இலக்கணமாயினும், உங்கள் மாணாக்கர் அப்பாடத்தை உங்கள் முகத்திலேயே முதலிற் படிப்பர். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் வாயிலில் நிறுத்தாதீர். ஒரு தலைமுறை நாணி விட்டதை மீட்பதற்கு லூயிசியானா மக்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. முதலிலேயே அன்போடு கற்பித்திருந்தால் அவ்வுழைப்பே வேண்டியிருந்திராது.