சத்தம் கூடினா பவர் கூடிடுமா?

எல்லா கிளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். எக்ஸாஸ்ட் சத்தம் வர்ற ரீல்ஸை ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடிக் கேட்கிறவன். எங்க கிளாஸ்ல அது நான்தான். அதனால இதை அட்வைஸ்னு நினைக்காதீங்க. பட்டவன் சொல்றான்னு படிங்க.

எங்க ஊர் மேல்மலையனூர். ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இந்தப் பக்கம் வராது. பெரியப்பா பையன் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய ஹோண்டா சிட்டி விடெக்தான் எங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார். 2000-களின் ஆரம்பத்தில் வந்த வண்டி. 1.5 லிட்டர் இன்ஜின், நூறு குதிரைத்திறனுக்கு மேல. மாடிஃபை பண்றவங்க இன்னைக்கும் அதைத் தேடி வாங்குறாங்க. போன செமஸ்டர் லீவுல அதுக்கு ஒரு 4-2-1 ஹெடர் வாங்கி, வீட்டு வாசல்லயே மாட்டினோம்.

ஹெடர் என்ன பண்ணும்? அமாவாசை ஊஞ்சல் முடிஞ்சதும் எங்க கோயில்ல இருந்து கூட்டம் வெளிய வர்றதை நினைச்சுக்கோங்க. நாலு வாசலும் ஒரே சின்ன முற்றத்துல திறந்தா இடிபாடுதான். கம்பெனி மானிஃபோல்டு கிட்டத்தட்ட அப்படி. ஹெடர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். 1-3-4-2 வரிசையில எரியுற இன்ஜின்ல 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. ஜோடிகள் கடைசியில ஒண்ணா சேரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமா ஓடும்போது அதுக்குப் பின்னால அழுத்தம் குறையும். அந்தக் குறைவு சரியான நேரத்துல வால்வுக்கு வந்து சேர்ந்தா மிச்சப் புகையையும் இழுத்துடும். ஆனா அந்த 'சரியான நேரம்' குழாயின் நீளத்தைப் பொறுத்தது. அதனால குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும்தான் முழுப் பலன். எல்லா வேகத்துலயும் லாபம் தர்ற ஹெடர் கிடையாது.

மாட்டுற வேலை சுகமாத்தான் இருந்தது. இன்ஜின் முழுசா ஆறணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். துருப்பிடிச்ச நட்டுகளுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயில் விட்டோம். ஆக்சிஜன் சென்சாரை ஒயர் இழுபடாம கழட்டினோம். புது கேஸ்கெட் வெச்சு, நடு நட்டுல தொடங்கி ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினோம்.

தப்பு அதுக்கு அப்புறம்தான். புதுக் குழாய், கேட்டலிடிக் கன்வர்ட்டரோட ஒத்துப்போகலை. "அதைத் தூக்கிட்டு நேர் பைப் வெச்சிடலாம், பவரும் ஏறும்"னு வெல்டிங் பண்ணவர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் வெச்சுக் குறைக்கிற பொருள் அது. எக்ஸாம்ல 16 மார்க்குக்கு எழுதினதை அரை மணி நேரத்துல கழட்டிப் போட்டேன்.

ஸ்டார்ட் பண்ணதும் தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு. திண்ணையில இருந்த ஆயா மட்டும், "ஏன்டா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அமாவாசை. நாங்க செஞ்சியில இருந்து ராத்திரி திரும்புறோம். எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்க ரோட்டோரம் துண்டை விரிச்சுப் படுத்திருந்தாங்க. முதல் கியர்லதான் போனோம். அதுக்கே அந்த உறுமல். ஒரு அக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, கைக்குழந்தையோட ரெண்டு காதையும் பொத்தினாங்க. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்போம். சும்மா எங்களைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். அண்ணன் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார். கிட்டத்தட்ட ஒரு டன் காரை ரெண்டு பேரும் வீடு வரைக்கும் தள்ளிட்டுப் போனோம்.

தள்ளும்போதுதான் உறைச்சது. பவர் ஏறுச்சான்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது! மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங் எடுக்கலை, அப்புறமும் எடுக்கலை. நாலு வருஷமா லேப்ல ரீடிங், டேபுலேஷன், கிராஃப்னு உயிரை விட்டவன், சொந்த வேலையில காதை மட்டும் நம்பினேன். சத்தம் கூடினதும் வேகம் கூடின மாதிரி இருந்தது. என் கருத்து இதுதான்: நம்மில் பலர் வாங்குறது பவர் இல்லை, அடுத்தவன் திரும்பிப் பார்க்கிறதைத்தான். அதுக்கான விலையை ரோட்டுல தூங்குறவங்க கட்டுறாங்க.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி சத்தம், புகை அளவை மீறி ரோட்டுல ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். லைசென்ஸும் 3 மாதம் செல்லாது.

"அப்போ மாடிஃபிகேஷனே தப்பா?"ன்னு கேட்பீங்க. இல்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்த ஃபார்முலா பாரத் போட்டிகளைப் பாருங்க. நம்மள மாதிரி ஸ்டூடண்ட்ஸ் ஹெடரை டிசைன் பண்ணி, வளைச்சு, வெல்ட் பண்ணி ஓட்டினாங்க. அங்க பெட்ரோல் இன்ஜினுக்குக் காத்து போற வழியே 20 மில்லிமீட்டர்தான். அதுக்குள்ள பவர் எடுக்கணும். சத்தத்துக்கும் டெஸ்ட் உண்டு, அளவு தாண்டினா டிராக்ல இறங்க முடியாது. ஆளே படுத்துத் தூங்காத ரேஸ் டிராக்குக்கே அந்தக் கட்டுப்பாடுன்னா, எங்க ஊர் ரோட்டுக்கு?

பழைய மானிஃபோல்டும் கன்வர்ட்டரும் சைலன்சரும் திரும்ப வண்டிக்கே போயாச்சு. ஹெடர் மாட்டுக் கொட்டகைப் பரண்ல கிடக்கு. அடுத்த வாரம் அதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வரேன். குழாய் நீளம், விட்டம், வளைவு எல்லாம் அளந்து, எந்த ஆர்பிஎம்முக்குப் போட்டதுன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசை இருக்கிறவங்க வாங்க. ஸ்பேனரோட ஒரு நோட்டும் எடுத்துட்டு வாங்க.