தீர்ந்த வழக்கைத் திறக்கலாமா?

தோற்றவன் "இன்னும் ஓர் ஆட்டம்" என்பான். ஜெயித்தவன் "ஆட்டம் முடிந்துவிட்டது" என்பான். சொக்கட்டான் பலகையின் முன்னாலானாலும் சரி, பார்லிமெண்டு மண்டபத்திலானாலும் சரி, இந்தச் சம்பிரதாயம் மாறுவதில்லை. இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதுதான் கேள்வி.

இக்காலத்தில் இந்தக் கேள்வியை உலகமே பேசும்படி செய்த தேசம் பிரிட்டன். 2016-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று அந்நாட்டு ஜனங்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 51.9 பேர் விலக வேண்டும் என்றார்கள், 48.1 பேர் இருக்க வேண்டும் என்றார்கள். சுமார் 3 கோடியே 35 லட்சம் வோட்டுகளில் வித்தியாசம் 12 லட்சத்து 70 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முடிவு இவ்வளவு நெருக்கமாக இருந்தால் தோற்ற கட்சி வாயை மூடிக்கொண்டிருக்குமா? "விலகும் நிபந்தனைகள் இன்னவை என்று இப்போதுதான் தெரிகிறது, ஆகையால் ஜனங்களை மறுபடியும் கேளுங்கள்" என்று கிளர்ச்சி எழுந்தது. சபையின் அபிப்பிராயத்தை அறியும் பொருட்டு 2019 ஏப்ரல் 1-ந் தேதி காமன்ஸ் சபையில் இந்த யோசனையை வோட்டுக்கு விட்டபோது ஆதரவாக 280 பேரும் எதிராக 292 பேரும் வாக்களித்தார்கள். பன்னிரண்டே வோட்டில் யோசனை விழுந்தது. 2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறிற்று. "மறுபடியும் கேட்கக் கூடாதா?" என்ற கேள்வி மட்டும் வெளியேறாமல் அங்கேயே தங்கிவிட்டது.

திருத்தணி மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துக்காரனுடைய கவலையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதே ஒரு மறு தீர்ப்பின் பலன். ஒரு தரம் முடிவு செய்து, முத்திரையிட்டு, அமுலுக்கும் கொண்டுவந்த விஷயத்தை மறுபடியும் திறந்து மாற்றி எழுதியதற்கு இந்த ஊரைவிட நல்ல சாட்சி கிடையாது.

பழைய கதையைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். 1911-ம் வருஷத்தில் வட ஆற்காடு, கடப்பை ஜில்லாக்களிலிருந்து சில தாலுகாக்களை எடுத்துச் சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். திருத்தணி அதில் சேர்ந்தது. அப்போது யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. எந்த ஜில்லாவானால் என்ன, எல்லாம் ஒரே சென்னை ராஜதானி தானே! தமிழரும் தெலுங்கரும் ஒரே கச்சேரியில் வழக்காடினார்கள். ஒரே சந்தையில் பேரம் பேசினார்கள்.

1952 டிசம்பரில் ஸ்ரீ பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்தார். அடுத்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. ஜில்லா ஜில்லாவாகப் பிரித்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் ஆந்திரத்துக்குப் போயிற்று. அதோடு சேர்ந்து திருத்தணியும் போயிற்று. ஜில்லா முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டால் தெலுங்கு பேசுவோர் அதிகம். கிராமம் கிராமமாக எண்ணினால் தென்பகுதியில் தமிழ் பேசுவோர் அதிகம். எந்த அளவுகோலை எடுப்பது என்பதிலேயே முடிவு அடங்கியிருந்தது.

தமிழரசுக் கழகத்தை நிறுவிய ஸ்ரீ ம. பொ. சிவஞானம் அவர்களும், இந்த வட்டாரத்தில் தமிழ்ப்பணி செய்த மங்கலங்கிழார் அவர்களும் வட எல்லைக் கிளர்ச்சியை நடத்தினார்கள். கூட்டங்கள் நடந்தன, மறியல்கள் நடந்தன, ம. பொ. சி. உட்படப் பலர் சிறை சென்றார்கள். பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. சென்னை சர்க்காரும் ஆந்திர சர்க்காரும் ஸ்ரீ எச். வி. பட்டாஸ்கர் அவர்களை மத்தியஸ்தராக ஏற்றுக்கொண்டன. அவர் ஜில்லா என்ற அளவுகோலை ஒதுக்கிவிட்டார். கிராமமே அலகு, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அக்கிராமம் எந்த ராஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்று பார்த்தார். அதன் பேரில் 1959-ல் பார்லிமெண்டு எல்லை மாற்றச் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. ஆந்திரத்தில் இருந்தது ஆறரை வருஷம்.

இந்த மறு தீர்ப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? முதலாவதாக, இரண்டாம் முறை கேட்ட கேள்வி வேறு. "சித்தூர் ஜில்லா யாருக்கு?" என்பது முதல் கேள்வி, "இந்தக் கிராமம் யாருக்கு?" என்பது இரண்டாம் கேள்வி. இரண்டாவதாக, வழக்காடிய இருவருக்கும் மேலே ஒரு பொது நியாயஸ்தலம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 3-வது ஷரத்துப்படி ராஜ்யங்களின் எல்லையை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு. ராஜ்ய சட்டசபைகளின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமே தவிர, அவற்றின் சம்மதம் கட்டாயமில்லை. மூன்றாவதாக, விலை கொடுக்க இரு தரப்பும் இசைந்தன. திருத்தணி வந்தது, சத்தியவேடு போயிற்று. திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் நகரியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. வேங்கட மலை வரையில் கேட்டவர்களுக்குத் திருத்தணி மலை கிடைத்தது.

இந்த மூன்று அளவுகோல்களையும் பிரிட்டனுக்கு வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி மாறினால் மறுபடியும் கேட்பதில் பிழையில்லை என்பதற்கு அயர்லாந்து உதாரணம். 2008-ல் லிஸ்பன் ஒப்பந்தத்தை அந்நாட்டு ஜனங்கள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் நிராகரித்தார்கள். தங்கள் ராணுவ நடுநிலைமைக்கும் வரி விதிக்கும் உரிமைக்கும் வாக்குறுதிகள் பெற்றுக்கொண்டு, 2009-ல் மறுபடியும் வோட்டளித்து, நூற்றுக்கு 67 பேர் அதையே ஏற்றார்கள். பிரிட்டனிலும் 2016-ல் நடந்தது முதல் வாக்கெடுப்பு அல்ல. 1975-ல் இதே போன்ற கேள்விக்கு நூற்றுக்கு 67 பேர் "இருப்போம்" என்றிருந்தார்கள். "ஜனங்கள் ஒரு தரம் பேசிவிட்டால் பேசியதுதான்" என்று வாதிக்கும் பிரெக்ஸிட் கட்சியார் 1975-ஐ மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நியாயஸ்தலம்? இங்கேதான் சிக்கல். 2020 ஜனவரி 31 வரையில் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் பிரிட்டன் கையிலேயே இருந்தது. விலகல் அறிவிப்பைப் பிரிட்டன் தானாகவே வாபஸ் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10-ந் தேதி கூறியிருந்தது. அந்த நாள் கழிந்ததும் சாவி கை மாறிவிட்டது. இனி பிரிட்டிஷ் ஜனங்கள் நூற்றுக்கு நூறு பேர் "திரும்புவோம்" என்றாலும் அது விண்ணப்பமாகுமே தவிர முடிவாகாது. ஒன்றியத்தில் உள்ள 27 தேசங்களும் ஒருமனதாக இசைய வேண்டும். அவற்றில் ஒன்று தலையை அசைக்க மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். இரு ராஜ்யங்களுக்கும் மேலே டில்லி இருந்தது போல, பிரிட்டனுக்கும் அந்த 27 தேசங்களுக்கும் மேலே யாரும் இல்லை.

விலையோ இன்னும் கஷ்டம். பிரிட்டன் முன்பு ஒன்றியத்தில் இருந்தபோது செலுத்தும் பணத்தில் 1984 முதல் தனிக் கழிவு உண்டு. யூரோ நாணயத்தை ஏற்காமலிருக்க விலக்கும் உண்டு. திரும்பிப் போகிறவருக்குப் பழைய சலுகைகள் கிடைக்கும் என்று எவரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அந்த விலையைச் சொல்லி வோட்டுக் கேட்க எந்தப் பெரிய கட்சிக்குத் துணிவு வரும்? 2024-ல் வெற்றி பெற்ற தொழிற்கட்சியும், ஒன்றியத்தின் பொதுச் சந்தைக்கோ சுங்கக் கூட்டுக்கோ திரும்புவதில்லை என்று தேர்தல் அறிக்கையில் எழுதிவிட்டே ஜெயித்தது.

ஆகவே பதில் இது: 2016-ன் தீர்ப்பை ரத்து செய்யும் மறு வாக்கெடுப்பு இனி இல்லை, அதற்குரிய காலம் போய்விட்டது. புதிய கேள்வி ஒன்றை, புதிய விலையுடன், ஜனங்கள் முன் வைக்க முடியும். அதற்குப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தால் போதும். ஆனால் அப்படிச் செய்யத் துணியும் கட்சி முதலில் பிறக்க வேண்டும்.

நம் தேசத்திலும் ஜன வாக்கெடுப்பு நடக்காமலில்லை. 1948-ல் ஜூனாகத்தில் நடந்தது. 1954-ல் புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். 1967-ல் கோவா ஜனங்கள் மகாராஷ்டிரத்தோடு சேர மறுத்தார்கள். இவை எதிலும் இரண்டாம் வாக்கெடுப்பு வரவில்லை. கோவா 1987-ல் தனி ராஜ்யமானபோதும், பார்லிமெண்டின் சட்டத்தால் ஆயிற்றேயன்றி மறுபடி வோட்டுப் பெட்டி வைத்து அல்ல.

திருத்தணியிலோ முதல் தரமும் பெட்டி வைக்கவில்லை. இரண்டாம் தரமும் வைக்கவில்லை. ஜனத்தொகைக் கணக்கும் தேசப்படமும் தாம் பேசின. அப்படியிருந்தும் 1960-க்குப் பிறகு இந்த எல்லையைத் திறக்க வேண்டுமென்று பெரிய கிளர்ச்சி எதுவும் மூளவில்லை. பிரிட்டனில் கோடிக்கணக்கானவர் வோட்டளித்தும் வழக்கு அடங்கவில்லை. வோட்டு எண்ணிக்கை மட்டும் ஒரு வழக்கைத் தீர்த்துவிடாது என்று இதிலிருந்து தெரிகிறது. நூற்றுக்கு 48 பேரைப் பூஜ்யமாகப் பாவித்தால், அவர்கள் மறு தீர்ப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே ஜெயித்தவர்கள் நாம் என்பதை மறக்கக் கூடாது. திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. எல்லை மாறியபோது அவர்கள் வீடு மாறவில்லை. ராஜ்யம் மட்டும் மாறிற்று. 2006-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை பள்ளிக்கூடங்களில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் செய்தது. தமிழ் கற்பது இந்நாட்டில் வாழ்பவருக்கு நன்மைதான். ஆயினும், தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சையில் விலக்கு வேண்டுமென்று நியாயஸ்தலம் வரையில் வழக்குப் போயிற்று. சத்தியவேட்டிலும் நகரியிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் வேண்டுமென்று நாம் உரத்துக் கேட்கிறோம். அந்தக் குரலில் உண்மை இருக்க வேண்டுமானால், பள்ளிப்பட்டுத் தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்குப் பாடம் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டியவர்கள் நாமே.

ஆடிக் கிருத்திகையன்று காவடி தூக்கி இம்மலையின் 365 படிகளையும் ஏறுகிறவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. இறங்கியபின் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் அவரவர் பாஷைக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இந்த வழக்கை மூன்றாம் முறை திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.