கையெழுத்திடாத மூன்றாம் நபர்

பல ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம் சென்று வந்த நோயாளி ஒருநாள் போய்ப் பார்க்கிறார். மருத்துவர் அங்கே இல்லை. "வேலையை விட்டுவிட்டார்" என்கிறார்கள். எங்கே போனார் என்று கேட்டால் பதில் இல்லை. அமெரிக்காவில் பலருக்கு நேரும் அனுபவம் இது. வேலையில் சேரும்போதே மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தமே பலவேளைகளில் இதற்குக் காரணம். பணியை விட்டு விலகினால், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட மைல் சுற்றளவுக்குள் அவர் மருத்துவம் பார்க்கக் கூடாது.

மருத்துவமனைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரும் செலவில் ஒருவரை அமர்த்தி, நோயாளிகளை அவரிடம் அனுப்பிவைத்த பின்பு, அவர் அடுத்த தெருவிலேயே மருத்துவமனை திறந்தால் இழப்புதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் இருவர். விலை கொடுப்பதோ மூன்றாம் நபராகிய நோயாளி.

2024 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பெரும்பாலான தொழில்களில் இத்தகைய ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் டெக்சாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை இரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையம் தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. எனவே மாநிலங்களே வழி தேடுகின்றன. பென்சில்வேனியாவில் 2025 சனவரி 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், மருத்துவப் பணியாளர்மீது ஓராண்டுக்கு மேல் விதிக்கும் தடை செல்லாது. நிறுவனமே பணிநீக்கம் செய்தவரைத் தடை கட்டுப்படுத்தாது. மருத்துவர் விலகினால், அவரிடம் தொடர்ந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு 90 நாள்களுக்குள் அதைத் தெரிவிக்கவும் வேண்டும். மூன்றாம் நபரை இச்சட்டம் நினைவில் வைத்திருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது. ஆகவே வேலையை விட்டவரை வேறிடத்தில் பணிசெய்யாதே என்று கட்டிப்போட முடியாது. அதனால் நாம் நிம்மதி கொள்ளலாமா?

வெளியேறிய பின் கட்ட முடியாதவரை வெளியேறவே விடாமல் கட்டும் வழக்கம் இங்கே இருந்தது. செவிலியரிடம் 'பாண்டு' எழுதி வாங்குவது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது, இடையில் போனால் பெருந்தொகை கேட்பது என அது பல வகை. 2011, 2012 ஆண்டுகளில் மும்பை, டில்லி, கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் போராடியபோது, குறைந்த சம்பளத்தோடு இதுவும் முக்கியக் குறையாக இருந்தது. போராட்டம் நடந்த இடங்களில் கத்தோலிக்க மருத்துவமனைகளும் உண்டு என்பதை வேதனையோடு ஒப்புக்கொள்கிறோம்.

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், கூலியைப் பற்றிப் பேசுகையில், இருவர் மனமொத்துச் செய்ததாலேயே ஓர் ஒப்பந்தம் நீதியானதாகிவிடாது என்று கற்பித்தார். வறுமைக்கு அஞ்சி இடும் கையெழுத்து முழு விருப்பத்தின் அடையாளம் அல்ல. கடன் வாங்கிச் செவிலியர் படிப்பை முடித்த நம் வீட்டுப் பெண், முதல் வேலைக்காக நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்திடுகிறாள். அவளை அப்படித் தக்கவைப்பதைவிட, நல்ல சம்பளத்தாலும் மரியாதையாலும் தக்கவைப்பதே நீதி. போகமுடியாததால் இருப்பவரின் கையை விட, இருக்க விரும்பி இருப்பவரின் கை நோயாளிக்கு ஆறுதல் தரும்.

நம் மருத்துவமனைகளின் அலமாரிகளில் இன்னும் யாருடைய அசல் சான்றிதழாவது இருக்கிறதா? இருந்தால், இன்றே திருப்பிக் கொடுப்போம்.