சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க!



விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். முன்னால் காக்பிட்டில் நடக்கும் பேச்சு நமக்குக் கேட்காது. கேட்டால் சிரிப்பு வரும். தரையிலிருந்து கன்ட்ரோலர் ஓர் உயரத்தைச் சொல்வார். பைலட் அதையே திருப்பி ஒப்பிப்பார், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. வெறும் 'ஓகே' செல்லாது! 'நைன்' என்பதைக்கூட 'நைனர்' என்பார்கள். இரைச்சலில் அது 'ஃபைவ்' என்று காதில் விழுந்துவிட்டால்?

வானத்தில் கோடு போட்ட ரோடு இல்லை. பெரிய ஏர்போர்ட்டைச் சுற்றியுள்ள வான்பரப்பில் கன்ட்ரோலர் சொன்ன உயரம்தான் ரோடு. அங்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடக்கும் விமானங்களுக்கு நடுவே 1,000 அடி இருந்தால் போதும்.

1996 நவம்பர் 12 அன்று அந்த 1,000 அடி காணாமல் போனது. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிழைப்புக்காகச் சவுதிக்குக் கிளம்பிய நம் நாட்டவர் அதில் நிறையப் பேர்.

கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஏன்? அந்த விமானத்தில் ரேடியோவில் பேச ஓர் ஆள், ஓட்ட வேறு ஆள். பேசியவரின் இருக்கைக்கு எதிரே உயரம் காட்டும் கருவி இல்லை. ஓட்டியவர்களுக்கோ ஆங்கிலம் சரியாகப் பிடிபடவில்லை. டெல்லியில் அன்றிருந்த ரேடாரும் உயரத்தைக் காட்டாது. ஏறவும் இறங்கவும் தனித்தனிப் பாதை, விமானத்துக்குள்ளேயே மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்ற விதி எல்லாம் நம் நாட்டில் அதற்குப் பிறகுதான் வந்தன.

காதில் வாங்கியவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர். நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? 'பாட்டிக்கு இனிமேல் அரை மாத்திரை போதும்' என்று டாக்டர் போனில் சொல்கிறார். கேட்டது மகன். ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அம்மாவிடம் சொல்கிறான். ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மருமகள். அந்த 'அரை' எந்த இடத்தில் தொலைந்தது என்று யாருக்குத் தெரியும்? நானும் பேப்பரைப் பார்த்தபடியே 'சரி, சரி' என்று தலையாட்டுகிற ஆசாமிதான். வீட்டில் கேட்டால் பட்டியலே தருவார்கள்.

மாத்திரையோ, பணமோ, ரயில் நேரமோ... அடுத்த முறை போனை வைக்கும் முன் 'நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க' என்று கேளுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால், இந்தப் பக்கத்தைக் காட்டிப் பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்