யாருக்கு இந்த அடைகாப்பு?

ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு மந்திரச் சொல்லைப் படைத்துக்கொள்கிறது. நம் காலத்தின் மந்திரச் சொல் ‘தொடர்பு’. பல்கலைக்கழகங்கள்தோறும் தொழில் அடைகாப்பகங்கள் எழுகின்றன. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் அங்கே இடமும் கருவியும் ஆலோசனையும் பெறுகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலிடுவோரையும் கொள்வனவாளரையும் துறை வல்லுநரையும் அறிமுகமாகப் பெறுகின்றனர். இவ்வறிமுகங்களே தொழிலை வளர்க்கின்றன என மேடைகளிற் பேசப்படுகிறது. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் அது பாதி உண்மையே. மறுபாதியை, மாவிலித்துறை விட்டுக் குறிகட்டுவானுக்குப் படகேறும் நெடுந்தீவு மாணவனிடந்தான் கேட்டறிதல் வேண்டும்.

அடைகாப்பகத்தின் பிறப்பை நோக்குவோம். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துப் பட்டாவியா நகரில் மாசி-ஹாரிஸ் என்ற பண்ணைக்கருவித் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரில் வேலையின்மை பரவிற்று. 1959 இல் யோசப் மன்குசோ என்பவர் அப்பெருங்கட்டடத்தைப் பகுதி பகுதியாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். அவற்றுள் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம் ஒன்றும் இருந்தமையால் இப்பெயர் வந்ததென்பர். வேலையிழந்த ஊருக்கு மருந்தாகத் தோன்றிய நிலையம், இன்று வாய்ப்புள்ளோருக்கு விருந்தாகி வருகின்றது.

தொடர்பு எவ்வாறு தொழிற்படுகிறது? 1973 இல் மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நெருங்கிய உறவினர் பெரும்பாலும் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். புதிய செய்தியும் வாய்ப்பும் தூரத்து அறிமுகங்கள் வழியாகவே வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. இதற்குச் சான்று. அதன் பழைய மாணவரான தருண் மேத்தாவும் சுவப்னில் ஜெயினும் 2013 இல் அங்கே ஏதர் என்ற மின் ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே பிளிப்கார்ட் நிறுவனர் இருவர் பத்து இலட்சம் டொலர் முதலிட்டனர். முதலிட்டவர்களும் டில்லி ஐ.ஐ.டி.யிற் பயின்றவர்களே. 2025 இல் ஏதர் பங்குச் சந்தையை எட்டியது. அவ்விளைஞரின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாயிலுக்குள் நுழைந்த அன்றே பாதி அறிமுகம் அவர்களுக்குக் கைகூடிவிட்டது என்பதை மறுப்பார் யார்?

தொடர்பின் வலிமையைத் தீவக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகள் நடத்திய வரலாறு நாடறிந்தது. ஊர்ப் பையன் ஒருவன் சிப்பந்தியாகச் செல்வான். கணக்கும் கொள்வனவும் பழகுவான். பின்னர் முதலாளியின் பிணையில் தனிக்கடை போடுவான். இன்றைய அடைகாப்பகம் தரும் இடம், பயிற்சி, கடன், வாடிக்கை யாவற்றையும் அக்கடை தந்தது. ஆயின் எல்லோருக்குமா தந்தது? உறவும் சாதியும் பொருந்தியவன் முதலாளியானான்; பொருந்தாதவன் ஆயுள் முழுவதும் கோப்பை கழுவினான். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் கடைகள் எரிக்கப்பட்டன. காக்க வேண்டிய அரசு காக்கவில்லை. அதன்பின் கடல் கடந்து போகும் வழி திறந்தபோதும், வெளிநாட்டில் உறவுடையவனுக்கே அது முதலில் திறந்தது.

இன்று கரையில் நிற்பவன் நிலை என்ன? நண்டு பிடிப்பவன், வலைக்கு முற்பணம் தந்த சம்மாட்டியிடமே அதைக் கொடுக்கிறான். விலையை அவன் அறியாத ஒருவர், அவன் காணாத ஊரில் தீர்மானிக்கிறார். அவனுக்குத் தொடர்பு இருக்கிறது. ஒரே ஒரு தொடர்பு. அதுவே அவன் கழுத்துக் கயிறு. அவன் மகள் பனங்கிழங்கு மாவிலோ கருவாட்டுப் பொதியிலோ புதிய முயற்சி ஒன்றை எண்ணினாலும், திருநெல்வேலியில் மாலைவேளை நடைபெறும் அறிமுகக் கூட்டத்துக்கு எப்படிப் போவாள்? கூட்டம் முடியுமுன் கடைசிப் படகு போய்விடும். கடல் கொந்தளிக்கும் நாளில் படகே இல்லை.

“திறமையுள்ளவன் எங்கிருந்தாலும் முன்னேறுவான்” என்பர் சிலர். ஏறிவிட்டவர்களை மட்டும் எண்ணிப் பார்ப்போர் கூறும் வாதம் இது. ஏற முடியாமற் போனவர்கள் எந்த மேடையிலும் பேசுவதில்லை.

யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் பத்தாண்டுக்கும் மேலாக இளைஞரை ஒன்றுகூட்டி வருவதை நாம் மதிக்கிறோம். எமது கேள்வி பொதுப்பணத்தைப் பற்றியது. 2017 இல் உலக வங்கியின் பத்துக் கோடி டொலர் நிதியுடன் தொடங்கிய உயர்கல்வித் திட்டம், பல்கலைக்கழகங்களின் வணிக இணைப்புப் பிரிவுகளுக்கும் உதவிற்று. நாடு பட்ட கடனை நெடுந்தீவு மீனவனும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் செலுத்தும் வரியால் அடைக்கிறான். கடனிற் பங்குண்டு, பயனிற் பங்கில்லை என்றால் அது நீதியாகுமா?

ஆகவே நாம் கேட்பவை இவை. அடைகாப்பகம் ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வரட்டும். அதன் நேரசூசி படகின் நேரத்தோடு பொருந்தட்டும். தனியாளை மட்டுமன்றி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் பனைத் தொழிலாளர் சங்கங்களையும் அது உறுப்பினராக ஏற்கட்டும். ஆலோசகர், கொள்வனவாளர், கடன் தருவோர் பட்டியல் எவரும் பார்க்கத்தக்க பொது ஏடாகட்டும். அறிமுகம் ஒருவர் தயவாக இருக்கும்வரை அது சலுகை; ஏட்டில் ஏறிய பின்னரே உரிமை. இது கனவன்று. 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை கண்ட மண் இது.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பொறுப்புண்டு. அரசாங்க உத்தியோகம் ஒன்றையே இலக்காகக் காட்டி, தந்தையின் தொழிலை ஏளனமாக எண்ண மாணவரைப் பழக்கியவர்கள் நாமே. வலை பின்னத் தெரிந்தவர் பிள்ளைகள் எம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். இனிப் பின்னப்படும் வலையின் கயிறு அவர்கள் கையிலும் இருக்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறும் வரை நாம் ஓயலாகாது.