பெட்டாஃப்ளாப்ஸ் இருக்கட்டும், ஒத்திகை பார்த்தீங்களா?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் பிளாட் பெண் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. கைப்பையை வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். "வேண்டாம் அங்கிள், இது கீழ விழுந்தா என் பிஎச்டி போச்சு" என்றாள். உள்ளே ஆறு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் 2 டெராபைட். ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

அவள் படிப்பது பருவமழை பற்றி. வேறு ஊரில் இருக்கும் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரில் ஆறு மாதம் கணக்குப் போட வைத்து, 11 டெராபைட் விடை வாங்கியிருக்கிறாள். அது இருந்த இடம் தற்காலிக இடம், அவர்கள் பாஷையில் ஸ்கிராட்ச். 30 நாளில் காலி பண்ணவில்லை என்றால் தானாக அழிந்துவிடும். அதில் தப்பில்லை, எல்லோரும் அங்கேயே குடியிருந்தால் அடுத்தவர் எங்கே போவார்?

நமக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல்தான். போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சொல்லப்பட்ட வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட். முழுசாகக் கிடைத்தால் நொடிக்கு 125 மெகாபைட், 11 டெராபைட்டுக்கு ஒரு நாளும் அரை மணியும். அவளுக்குக் கிடைத்தது நொடிக்கு 8 மெகாபைட். அந்தக் கணக்கில் 16 நாள். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க, வெறுத்துப்போய் சொந்த ஸ்டைபண்டில் டிஸ்க் வாங்கிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறிவிட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆறில் ஒரு டிஸ்க்கில் காப்பி சரியாக ஏறவில்லை. அதற்குள் அங்கே மூலம் அழிந்துவிட்டது. போன பகுதிக்கு மறுபடியும் வரிசையில் நிற்கிறாள். அவள் அப்பா என்னிடம் கேட்டார்: "ஏன் சார், ராக்கெட் விடற நாட்டுல ஒரு ஃபைலை ஊர் விட்டு ஊர் அனுப்ப முடியாதா?"

இந்தப் பதிவு அவர் கேள்விக்கு என் பதில்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் நமக்குத் தெரிந்த ஒரே வார்த்தை பெட்டாஃப்ளாப்ஸ். நொடிக்கு எத்தனை கணக்கு போடும் என்பதன் அளவு. 2015ல் 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. 2025 மார்ச் வரை 34 மெஷின், மொத்தம் 35 பெட்டாஃப்ளாப்ஸ் என்று அரசு கணக்கு சொன்னது. 10,000 ஆராய்ச்சியாளர்களுக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள். நல்ல விஷயம், நானும் கை தட்டுகிறேன். 1991லேயே பரம் 8000 செய்து காட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் குறை சொன்னால் புனேக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள் :-)

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை. இந்த மெஷின்கள் கக்கிய தரவில் எவ்வளவு, எத்தனை நாளில், எத்தனை பிழையோடு இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது? வங்கிக்காரன் காதுக்கு இது எப்படிக் கேட்கிறது தெரியுமா? "எங்கள் கிளையில் பணம் எண்ணும் மெஷின் அதிவேகமானது" என்கிறார்கள். சரி, சாயங்காலம் கேஷ் டேலி ஆச்சா? பதில் இல்லை.

கிளைகள் கோர் பேங்கிங்குக்கு மாறிய காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது புதுசு. ஒரு கிளையை மாற்றுவதற்கு முன்னால் எத்தனை மாக் ரன்! பழைய சிஸ்டத்தின் மொத்தமும் புதுசின் மொத்தமும் பைசா சுத்தமாகச் சேரும் வரை விடமாட்டார்கள். வித்தியாசம் வந்தால் சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. இன்றைக்கும் டிஆர் டிரில் என்று வைத்து, பிரதான டேட்டா சென்டர் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வேறு ஊர் மையத்திலிருந்து வேலையை ஓட்டிப் பார்க்கிறோம். என் சேமிப்புக் கணக்கின் பத்தாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு ஒத்திகை. நாட்டின் மழைக் கணக்குக்கு துண்டில் சுற்றிய டிஸ்க்.

இந்த ஒத்திகைக்கென்றே கட்டும் இடத்தைத்தான் டெஸ்ட் பெட் என்கிறார்கள். சோதனைக் களம் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து நிஜமான சேமிப்பு, நிஜமான டேப், நிஜமான இணைப்பு எல்லாம் போட்டு வைப்பார்கள். யாருடைய உண்மைத் தரவும் அதில் இருக்காது. எனவே உடைத்துப் பார்க்கலாம். உடைந்தால் யாரும் மெமோ கொடுக்கமாட்டார்கள், உடைந்ததை எழுதி வைக்கத்தான் அந்த இடமே. பிரான்சில் கிரிட்5000, அமெரிக்காவில் 2015லிருந்து கமீலியன் என்று இதற்கென்றே வசதிகள் உண்டு.

சேர்ந்து பார்ப்பது ஏன் முக்கியம்? ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தைப் பாருங்கள். அதன் பெரிய துகள் மோதுவிப்பான் தரும் தரவை ஒரே ஊரில் வைத்து ஆள முடியாது என்று தெரிந்து, பல நாட்டு மையங்களைச் சேர்த்து ஒரு வலையே பின்னினார்கள். மும்பை டிஐஎஃப்ஆரும் கொல்கத்தா விஇசிசியும் அதில் உண்டு. மெஷின் முதலில் ஓடியது 2008 செப்டம்பரில். ஆனால் தரவு அனுப்பும் ஒத்திகை 2004லேயே ஆரம்பித்துவிட்டது. அனுப்புவதற்குத் துகள் தரவே இல்லாத காலத்தில், போலித் தரவை ஊர் ஊராக அனுப்பிப் பார்த்தார்கள்.

2009 ஜூனில் பெரிய ஒத்திகை ஒன்று. நாலு ஆய்வுக் குழுக்களும் ஒரே நேரத்தில் முழுச் சுமையையும் ஏற்றின. தனித்தனியாகச் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய இடங்களில் சில, டேப்பில் உள்ளதைத் திரும்ப எடுப்பதில் திணறின. எந்த மையம், எங்கே, ஏன் என்று அறிக்கை வந்தது. நவம்பரில் மெஷின் மறுபடி ஓடுவதற்குள் சரிசெய்ய நேரம் இருந்தது. 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகள் செய்தி வந்தபோது உலகமே இயற்பியலைக் கொண்டாடியது, சரிதான். இந்த ஒத்திகைக்காரர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

சம்பள நாள் தெரியாத வங்கிக்காரன் உண்டா? ஒரு கிளையில் 20ஆம் தேதி மத்தியானம் சோதித்தால் எல்லாம் பறக்கும். 1ஆம் தேதி காலை பத்து மணிக்கு எல்லாக் கிளையும் சேர்ந்து உள்ளே நுழையும்போதுதான் சிஸ்டத்தின் நிஜ முகம் தெரியும். அவர்கள் அந்த 1ஆம் தேதியை முன்கூட்டியே செயற்கையாக உண்டாக்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இன்னும் பார்க்கிறார்கள். வரப்போகும் மேம்பட்ட மெஷினுக்குத் தேவையான வேகத்தில் கால் பங்கை 2024 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தார்கள். மெஷின் வருவது 2030ல்!

ஒத்திகை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கியோட்டோ பல்கலைக்கழகம். 2021 டிசம்பரில் அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய அது, ஆராய்ச்சி ஃபைல்களையே அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் ஃபைல், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நாலு குழுவின் தரவை மீட்கவே முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரலின் மேலேயே புது நிரலைப் போட்டதுதான் காரணம். மெஷினைக் கொடுத்த நிறுவனம் பொறுப்பை ஏற்று வருத்தம் தெரிவித்தது. மெஷினின் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மாற்றத்தை ஒரு சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் நஷ்டம் சில போலி ஃபைல்களோடு போயிருக்கும்.

நம் ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லை என்று நினைக்காதீர்கள். சி-டாக் 2000களின் நடுவில் கருடா என்று ஒரு கிரிட் அமைத்தது. 17 ஊர், 45 நிறுவனங்கள், சென்னையும் அதில் உண்டு. சோதித்துப் பார்ப்பதே அதன் முதல் கட்டத்தின் வேலை. பிறகு 2010ல் 5,990 கோடியில் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆக, சாலை போட்டாயிற்று, பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. எதிர் பிளாட் பெண்ணிடம் கருடா என்றேன். "பஸ் பேரா அங்கிள்?" என்றாள்.

எதிர்வாதம் வரும், தெரியும்.

"இருக்கிற மெஷினுக்கே வரிசை நிற்கிறது, இதில் சோதனைக்கு வேறு ஒதுக்குவதா?" ஆறு மாதம் ஓடிய கணக்கில் ஒரு பங்கை மறுபடி ஓட்டுவது எந்த வரிசையில் சேரும்? அந்த வீணான நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

"வெளிநாட்டுக்காரன் சோதித்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறதே?" கிடைக்கிறது. நம் ஊர் மின்வெட்டும், கல்லூரி வாசலில் நொடிக்கு 8 மெகாபைட்டாகச் சுருங்கும் கடைசி ஒரு கிலோமீட்டரும் அதோடு சேர்ந்து கிடைக்காது. அதை நாம்தான் சோதிக்க வேண்டும்.

"கிளவுடில் போட்டுவிடலாம்." போடலாம். அங்கே ஏற்றவும் இதே குழாய்தான். திரும்ப எடுக்க பல இடங்களில் தனிக் கட்டணம் வேறு. அதை ஸ்டைபண்டில் யார் கட்டுவது?

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, மெஷின் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஐந்து ரூபாயைப் பொதுச் சோதனைக் களத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு, வருடம் ஒருமுறை எல்லா மையங்களும் சேர்ந்து ஒரு வாரம் ஒத்திகை. எங்கே தேங்கியது, எத்தனை செக்சம் (எங்கள் பாஷையில் கன்ட்ரோல் டோட்டல்) ஒத்துப்போகவில்லை என்று பெயர் போட்டு வெளியிடுங்கள். மூன்று, தரவைப் பார்த்துக்கொள்ள நிரந்தர ஆள். பிஎச்டி பிள்ளைகள் கூலி இல்லாத கூரியர் கிடையாது.

அவசரமும் இருக்கிறது. எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு இந்தியா 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அது முழுதாக ஓடும்போது உலகெங்கும் உள்ள மையங்களில் வருடத்துக்குச் சுமார் 700 பெட்டாபைட் சேரும். எத்தனை துண்டு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மக்களே, நம் பிள்ளைகளில் பலர் இந்தப் படிப்பில்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது ஹாஸ்டலில் சாம்பார் எப்படி என்று விசாரித்த கையோடு இதையும் கேளுங்கள்: "சார், பிள்ளை ஆறு மாதம் ஓட்டின கணக்கு எங்கே இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும், இங்கே வந்து சேர எத்தனை நாள் ஆகும், கடைசியா எப்ப சோதிச்சீங்க?" நாலு பேர் கேட்டால் முழிப்பார்கள். நாற்பது பேர் கேட்டால் ஒத்திகை பார்ப்பார்கள்.

டிஸ்கி: எழுதியவன் பி.காம். கம்ப்யூட்டர் படித்த சிங்கங்கள் தப்பு இருந்தால் திருத்தலாம். டேலி ஆகாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதில் மட்டும் திருத்தம் ஏற்கப்படாது.