முதலில் பனியனைக் கழற்றுங்கள்

கரோல்பாகில் வசிக்கும் நண்பரின் மகன் சென்ற வாரம் வந்திருந்தான். பிப்ரவரியில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறான். பனிச்சிறுத்தையைப் பார்க்க வேண்டுமாம். கைபேசியில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் உடைப் பட்டியலைக் காட்டினான். "மாமா, இதெல்லாம் மலையில வேட்டைக்குப் போறவங்க போடறது. மேல் ஜாக்கெட் மட்டும் 40,000 ரூபாய் ஆகுது. வாங்கலாமா?"

கேள்வி நியாயமானது. வேட்டைதான் நம் நாட்டில் இல்லை. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. 1991இல் வந்த திருத்தம், உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காகச் சுடும் வழியையும் அடைத்தது. ஆனால் வேட்டைக்காரனின் உடை மட்டும் நமக்குத் தேவைப்படுகிறது. கேமராவோடு போகிறவருக்கும், விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கும், வனக்காவலருக்கும் அவனுடைய சங்கடமேதான். இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக 2024 ஜனவரியில் ஒரு மதிப்பீடு வெளியானது. அந்த எண்ணுக்காகப் பனியில் நடந்தவர்களும் காத்திருந்தவர்களும் உண்டு.

அதென்ன சங்கடம்? அமெரிக்காவின் ராக்கி மலைகளில் எல்க் மானைத் தேடிப் போகிறவன், விடியுமுன் மூட்டையைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் ஏறுகிறான். உடம்பு உலையாகக் கொதிக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு பாறைக்குப் பின்னால் நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருகிறான். நடந்துகொண்டே இருப்பவனை நடை காப்பாற்றும். உட்கார்ந்தே இருப்பவனைப் போர்வை காப்பாற்றும். இவனோ முதலில் நனைகிறான், பிறகு உறைகிறான். இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஒற்றை உடை உலகில் எந்தக் கடையிலும் இல்லை, விலை நாற்பதாயிரமானாலும்.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த ஞானம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆவணப்படக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கிப்பருக்குப் போனேன். ஸ்பிதியில் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போவது அங்கே சாதாரணம். தில்லியில் ஒரு கடைக்காரர், "இதைப் போட்டால் எவரெஸ்டுக்கே போகலாம்" என்று சத்தியம் செய்து ஒரு கனத்த ஜாக்கெட்டை என் தலையில் கட்டியிருந்தார். அதற்குள்ளே வழக்கம்போல் பருத்திப் பனியன், பருத்திச் சட்டை.

ஒரு மணி நேர ஏற்றம். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, குளிருக்குத்தானே வாங்கினோம்? மேட்டை அடைந்தபோது பனியன் பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. உட்கார்ந்த அரை மணியில் முதுகில் யாரோ பனிக்கட்டியை வைத்துக் கட்டியதுபோல் ஆனது. குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தேன், விரல் மடங்கவில்லை. யாரோ கேட்ட கேள்விக்கு இந்தியில் பதில் சொன்னேன்; நாக்கு குழறியது. மொழிபெயர்ப்பாளனுக்கு நாக்கு குழறினால் வேலை போச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். உயிரே போகக்கூடும் என்று தெரியாது.

எங்களோடு வந்த உள்ளூர்ப் பெரியவர் என்னைக் கவனித்துவிட்டார். நாட்டுக் கம்பளியில் தைத்த நீண்ட அங்கி அணிந்திருந்தார். ஏறும்போது அதன் மார்பைத் திறந்துவிட்டு நிதானமாக வந்தவர் அவர் ஒருவர்தான். என் கழுத்துக்குள் கையைவிட்டுப் பார்த்தார். "சாப், முதலில் பனியனைக் கழற்றுங்கள்" என்றார். அந்தக் குளிரிலா! இரண்டு பேர் காற்றை மறைத்து நிற்க, பனியனும் சட்டையும் போயின. வெற்றுடம்பின் மேல் அவருடைய மூட்டையிலிருந்த கம்பளிச் சட்டை, அதன் மேல் என் ஜாக்கெட். சூடாக ஒரு குவளை இனிப்புத் தேநீர். கால் மணியில் நான் மறுபடி மனிதனானேன்.

நடந்தது எளிய இயற்பியல். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்திச் செல்லும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், லேசில் உலராது. திருப்பூர் பனியன் மேல் எனக்குக் கோபமில்லை. சென்னை வெயிலில் அது நமக்குச் செய்யும் உபகாரமே அதுதான்: ஈரமாக ஒட்டிக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கிறது. அதே வேலையைக் கிப்பரிலும் நாணயமாகச் செய்தது. 'பருத்தி ஆளைக் கொல்லும்' என்பது அமெரிக்க மலைக்காரர்களிடையே பழமொழி போலவே வழங்குகிறது.

ஆகவே உடையை உள்ளிருந்து வெளியே தேர்ந்தெடுக்க வேண்டும். உடம்பை ஒட்டி, மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் சில்லிடாது. நான்கு நாள் போட்டாலும் நாறாது. பாலியெஸ்டர் நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். சீக்கிரம் உலரும், ஆனால் இரண்டாம் நாளே நாறும். அதன் மேல் ஃப்ளீஸோ கம்பளி ஸ்வெட்டரோ. உட்காரும்போது போடுவதற்கென்று, ஏறும்போது மூட்டைக்குள்ளேயே உலர்வாக வைத்திருக்க வேண்டிய இறகு ஜாக்கெட் ஒன்று. வாத்து இறகு எடைக்கு எடை மிகுந்த சூடு தரும்; நனைந்தால் சப்பையாகிப் பயனற்றுப் போகும். ஈரப்பனி பெய்யும் இடத்துக்குச் செயற்கை இழை அடைத்ததே மேல்.

கடைசியாக, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுறை. விலை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சமையல் பாத்திரத்தில் ஒட்டாமலிருக்கப் பூசும் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம் கிடைத்தது. நீர்த்துளி அந்தத் துளைகளில் நுழையாது; நீராவி வெளியேறும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் கொட்டுகிற வியர்வை முழுவதையும் எந்தப் படலமும் வெளியேற்றிவிடாது. அதனால்தான் நல்ல மேலுறைகளில் அக்குளுக்குக் கீழே ஜிப் வைக்கிறார்கள். கடையில் முதலில் அதைப் பாருங்கள்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்? இலையும் கிளையும் அச்சிட்ட புள்ளித் துணிக்கு. மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் சரியாகப் பிடிபடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு அணிய வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது, ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க. விலங்கைக் கலைப்பது நம் அசைவும், வாடையும், துணியின் சரசரப்பும்தான். மேலும் எல்லைப் பகுதியில் ராணுவ உடையைப் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியோடு திரிவது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த அடுக்கு முறையும் புதிதல்ல. வட துருவப் பகுதியின் இன்யூட் வேட்டைக்காரர்கள் கரிபூ மான்தோலில் இரண்டு சட்டை அணிந்தார்கள். உட்சட்டையின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், மேற்சட்டையின் ரோமம் வெளியே பார்த்திருக்கும். ஓடும்போது சூட்டை வெளியே விடும்படி தளர்வாகத் தைத்தார்கள். வியர்த்தால் சாவு என்பது அவர்களுக்குப் பாலபாடம்.

நமக்கு அது இன்னும் பாடமாகவில்லை. 2024 ஜூன் மாதம், உத்தராகண்டின் சஹஸ்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். சமவெளியில் அப்போது அனல் வீசும் கோடை. புயலுக்கு முன் எந்த உடையும் உத்தரவாதம் இல்லை. ஆனால் மலையில் கோடை என்பது நம்பக்கூடிய சொல்லும் இல்லை.

உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். கை தடுமாறும், பேச்சு குழறும், கால் இடறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிம்மதியடையாதீர்கள். அதுதான் மிக மோசமான அறிகுறி. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைச் சுற்றி, உடனே உதவி தேடுங்கள்.

நண்பரின் மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நாற்பதாயிரத்தை வைத்துக்கொள். உள்ளாடை நல்லதாக வாங்கு, காலுறையும் கம்பளியில் வாங்கு. இறகு ஜாக்கெட் வாடகைக்குக் கிடைத்தால் எடு. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். சுகமாக இருந்தால் ஓர் உடை அதிகம் என்று அர்த்தம். வியர்ப்பதற்கு முன்னால் கழற்று, நடுங்குவதற்கு முன்னால் போடு. தலைகால் புரியாமல் அவசரப்படாதே, மெதுவாக ஏறு.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். நேற்றிரவு தொலைபேசினான். "மாமா, அம்மா புதுசா ஆறு காட்டன் பனியன் வாங்கி வச்சிருக்காங்க. குளிருமே, ரெண்டு ரெண்டா போட்டுக்கோன்னு சொல்றாங்க. நீங்களே அவங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

நாளை கரோல்பாக் போக வேண்டும்.